வெள்ளம் புகுந்த கிணற்றை மீண்டும் குடிநீர்க் கிணறு ஆக்குவது எப்படி?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை ஸ்ரீவைகுண்டத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. தாமிரபரணி வடிந்த பிறகு பார்த்தால், எங்கள் வீட்டு உறைகிணற்றில் கைப்பிடிச் சுவர் வரை சேற்றுத் தண்ணீர். குழாயிலும் தண்ணீர் இல்லை. ஊரே குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தது. அந்தக் கிணற்றை மீட்க எனக்கு மூன்று வாரம் ஆனது; முறை தெரிந்திருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும். அந்த முறையைத்தான் எழுதுகிறேன்.

முதலில் மூக்கு

ஒரு வாளி இறைத்து முகர்ந்து பாருங்கள். டீசல், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து வாடை அடித்தால் இந்தக் குறிப்பு உங்களுக்கு உதவாது. குளோரின் கிருமியைக் கொல்லும். எண்ணெயையும் விஷத்தையும் நீக்காது. அந்தத் தண்ணீரை ஆய்வகச் சோதனைக்குக் கொடுங்கள், அதுவரை தொடாதீர்கள்.

இறைத்தல்

அவசரப்படாதீர்கள். சுற்றியுள்ள மண் ஊறிக் கிடக்கும்போது கிணற்றை ஒரேயடியாக வற்றவைத்தால், வெளிமண்ணின் அழுத்தத்தில் உறைகள் சரிந்துவிடும். ஆறு வடிந்து இரண்டொரு நாள் போகட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். டீசல் எஞ்சினை மேலேயே வையுங்கள், உள்ளே இறக்கவே கூடாது. அதன் புகையில் இருக்கும் நச்சுவாயு ஆளைக் கொல்லும். தூர் வார வேண்டுமென்றால் பழக்கமுள்ள ஆட்களை, கயிறும் காற்றோட்டமும் உறுதி செய்த பிறகே இறக்குங்கள். ஊற்று தெளியும் வரை இறைப்பதை விடாதீர்கள். கலங்கலில் குளோரினைப் போட்டால் அது சேற்றோடு போராடியே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிஞ்சாது.

எங்கள் ஆச்சி தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரசி நீரைத் தெளிய வைப்பார். நல்ல வழி, இன்றும் செய்யலாம். ஆனால் தெளிந்த நீர் வேறு, சுத்தமான நீர் வேறு. அதையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

நான் தவறிய இடம்

நிவாரணத்தில் கிடைத்த பிளீச்சிங் பவுடரை நான்கு கைப்பிடி அள்ளி நேராகக் கிணற்றில் போட்டேன். தண்ணீர் பால்போல் வெளுத்தது. வேலை முடிந்தது என்று நம்பினேன். இரண்டு நாள் கழித்து, நீரை ஊற்றி வைத்தால் மலக்கலப்பைக் காட்டும் எச்2எஸ் சோதனைக் குப்பியில் நிரப்பினேன். மறுநாள் காலை குப்பி கன்னங்கரேல் என்று கறுத்திருந்தது. அன்றைக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது.

செய்த பிழைகள் மூன்று. தண்ணீரை அளக்கவில்லை. பவுடர் ஈரத்தில் கட்டிதட்டி வீரியம் இழந்திருந்ததைக் கவனிக்கவில்லை. கரைக்காமல் போட்டதால் பாதி அடியில் சுண்ணாம்பாகப் படிந்துவிட்டது.

அளப்பது எளிது. கிணற்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் மீட்டரில் எடுத்து, விட்டம் × விட்டம் × ஆழம் × 785 என்று பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். எங்கள் கிணறு 1.5 மீட்டர் விட்டம், 4 மீட்டர் நீர்: ஏறக்குறைய 7,000 லிட்டர்.

வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு முதல் முறை 1,000 லிட்டருக்கு 80 கிராம் பவுடர். இது 25 சதவீதம் குளோரின் உள்ள பவுடருக்கான கணக்கு. 33 சதவீதம் என்றால் 60 கிராம் போதும். எங்களுக்கு 560 கிராம் தேவைப்பட்டது. புதிதாக வாங்குங்கள். நல்ல பவுடர் மாவுபோல் உதிரும், தள்ளி நின்றாலே நெடி தாக்கும்.

ஒரு பிளாஸ்டிக் வாளியில் 100 கிராமுக்கு மேல் போடாதீர்கள். சிறிது நீர் விட்டுக் கூழாகக் குழையுங்கள். பிறகு முக்கால் வாளி நீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றுங்கள்; அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கொட்டிவிடுங்கள். தெளிந்த நீருள்ள வாளியைக் கயிற்றில் கட்டி, கிணற்று நீருக்கு அடியில் இறக்கி, மேலும் கீழும் பலமுறை வேகமாக இழுங்கள். அப்போதுதான் மருந்து எல்லா ஆழத்துக்கும் பரவும். இதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்.

ஓர் இரவு முழுக்க அப்படியே இருக்கட்டும். மறுநாள் நெடி போகும் வரை இறைத்து வெளியேற்றுங்கள். மீன் உள்ள குளத்துக்கு அந்த நீர் போகக் கூடாது.

சோதித்துப் பார்த்த பிறகே குடிக்க வேண்டும்

நீரில் மிஞ்சியிருக்கும் குளோரினை மஞ்சள் நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப் நம் பக்கம் ஊராட்சிகளில் இருக்கும். நான் டிபிடி மாத்திரையையே விரும்புகிறேன். அது இளஞ்சிவப்பாக மாறும், குழப்பம் குறைவு. மஞ்சள் முறையில் தாமதமாகப் பார்த்தால் வீரியம் குறைந்த குளோரினும் சேர்ந்து நிறம் காட்டி ஏமாற்றிவிடும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் இருக்க வேண்டும். வெள்ளக் காலத்தில் 0.5 இருப்பது நல்லது. குளோரின் முழுவதும் போன பின், சில நாள் கழித்து எச்2எஸ் குப்பியில் மீண்டும் பாருங்கள். 48 மணி நேரம் கறுக்காமல் இருக்க வேண்டும். கறுத்தால் முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டியதுதான். எனக்கு இரண்டாவது முறைதான் தேறியது.

அதன்பின் வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். இரவில் போட்டுக் காலையில் இறைக்கலாம். கைக்குழந்தைகளுக்கு அப்போதும் காய்ச்சி ஆற்றிய நீரே கொடுங்கள்.

பின்னர் சேர்த்தவை

பவுடர் போட்டதும் நீர் பழுப்பாகிவிட்டது என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். நீரில் கரைந்திருக்கும் இரும்பு குளோரினோடு சேர்ந்து துருவாகப் பிரிவதால் இது நேரும். படியவிட்டு இறைத்தால் சரியாகும். மறுபடி மிச்சக் குளோரினைச் சோதியுங்கள்.

ஒருவர் கழிவறை அமிலம் இருந்த வாளியிலேயே பவுடரைக் கரைத்துவிட்டு மூச்சுத் திணறியிருக்கிறார். அமிலமும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் நச்சுவாயு வரும். இதற்கென்று தனி வாளி வையுங்கள்.

வீட்டில் ஆர்ஓ இயந்திரம் இருந்தால், முதல் முறை மருந்திட்ட நீரை அதற்குள் விடாதீர்கள். உள்ளே இருக்கும் சவ்வைக் குளோரின் அரித்துவிடும். நெடி போகும் வரை அதன் குழாயை அடைத்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று: வெள்ளம் எதுவரை வந்தது என்று சுவரில் இப்போதே கோடு போட்டு வையுங்கள். கொத்தனார் வரும்போது கைப்பிடிச் சுவரை எவ்வளவு உயர்த்துவது என்று அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எங்கள் வீட்டில் கோட்டுக்கு மேல் இரண்டு அடி உயர்த்தி, சுற்றிலும் சிமெண்ட் தளம் போட்டிருக்கிறோம்.