பணம் கட்டுவதற்கு முன்: சின்னத் தனியார் பாலர் பள்ளியில் பார்க்க வேண்டியவை

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்களை ஒட்டிய பட்டணத்தில் தனியார் பாலர் பள்ளி என்றால் பெரும்பாலும் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஒரு வீடு, இல்லையென்றால் கடைவீட்டு மாடி. இடம் சிறியது என்பது ஒரு குறையே இல்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள், அதுவும் பிள்ளைகள் இருக்கும்போது, வேலை நாளில் காலை பத்து மணி வாக்கில்.

முதலில் பதிவு. 1996 கல்விச் சட்டப்படி தாடிகா, அதாவது பாலர் பள்ளி, கல்வி அமைச்சிடம் பதிந்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தஸ்காவுக்குச் சமூக நலத்துறையின் பதிவு தனி. ஒன்றாம், இரண்டாம் ஆண்டும் இங்கேயே நடத்துகிறோம் என்று சொன்னால் இன்னும் கவனம் வேண்டும்: தாடிகா பதிவு அதற்குச் செல்லாது, 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம் என்பதால் தொடக்கப்பள்ளியாகவும் பதிந்திருக்கிறார்களா என்று கேட்டே ஆக வேண்டும்.

அப்புறம் கழிவறை. குழாய் பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா, தரை வழுக்குகிறதா, ஒரு பிள்ளை அவசரம் என்று எழுந்தால் கூடப் போவது யார், இதெல்லாம் ஐந்து நிமிடம் நின்றாலே தெரிந்துவிடும். மாடி என்றால் பின்பக்கம் இறங்க வழி இருக்கிறதா, அந்தக் கம்பிக் கதவின் சாவி எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். டீச்சர் சாவியைத் தேடினால் அந்த இடம் வேண்டாம். செம்பனைக் குலை லாரி போகிற சாலையோரம் என்றால், விடும் நேரத்தில் கேட்டில் ஆள் நிற்கிறாரா, பிள்ளையை யார் கையில் ஒப்படைக்கிறார்கள் என்பதும் முக்கியம். சமைக்கிற அக்கா டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும், அதையும் கேளுங்கள்.

ஐந்து வயதில் சரளமாக வாசிக்க வைப்போம் என்ற பேச்சில் மயங்காதீர்கள். தேசிய பாலர் பள்ளிக் கலைத்திட்டமே விளையாட்டு வழிக் கற்றலைத்தான் வலியுறுத்துகிறது. பயிற்சித்தாள் கட்டுக்கட்டாக இருந்து மணலும் களிமண்ணும் கண்ணில் படவில்லை என்றால் எனக்கு நம்பிக்கை வராது. பிறகு தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பப் போகிறீர்களா? அப்படியென்றால் வாரத்தில் எத்தனை மணி நேரம் தமிழ் நடக்கிறது, யார் சொல்லித் தருகிறார் என்று கேளுங்கள். அழுகிற பிள்ளையை அவனுக்குப் புரிகிற மொழியில் சமாதானப்படுத்த அங்கே ஒருவராவது இருக்க வேண்டும்.

மாதக் கட்டணத்தோடு புத்தகம், சீருடை, ஆண்டு நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதியில் நின்றால் முன்பணம் திரும்புமா என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.