சிலிகான் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரம் உறிஞ்சும் குறுமணிப் பொட்டலம், கண்ணாடி ஒட்டும் சிலிகான் பசை டியூப், குளியலறை வாசலில் போடும் டயட்டமைட் (நுண்பாசி ஓடுகள் படிந்த மண்) மிதியடி என்று, மணலில் இருக்கும் சிலிக்காவிலிருந்து பிறந்த பொருள்கள் தள்ளுபடிக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. கண்ணாடி, அலுமினிய வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் இவற்றை வாங்கும்போது, அந்த வயதில் நாங்கள் செய்தவற்றையே திரும்பச் செய்கிறார்கள். டியூப்பின் மூக்கைப் பெரிதாக வெட்டுவது, ஈரச் சுவரில் பூசுவது போன்றவை இரண்டு வேலைகளில் தாமாகவே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

புளித்த வாடை அடிக்கும் டியூப்பை எல்லா இடத்திலும் பூசுவது

மலிவு அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் அசிடாக்சி வகை. காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும்போது இது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. வினிகர் வாடை அதனால்தான். சாதாரணக் கண்ணாடிக்கும் பளபளப்பான பீங்கானுக்கும் இதனால் கெடுதல் இல்லை. ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்புறப் பூச்சை அந்த அமிலம் அரிக்கும். கால்சியம் கார்பனேட்டால் ஆன மார்பிளின் மெருகைக் கெடுக்கும். துத்தநாகம் பூசிய தகட்டையும் செம்புக் கம்பியையும் பாழாக்கும். இந்த இடங்களுக்கு நியூட்ரல் க்யூர், அதாவது இறுகும்போது இந்த அமிலத்தை வெளிவிடாத வகை, என்று அச்சிட்ட டியூப்தான் வேண்டும்.

ஒரு புதுமனையில் ஆளுயரக் கண்ணாடியைச் சுவரில் பதிக்கச் சென்ற பையன், "சிலிகான் தானே அண்ணே, எதுவானால் என்ன?" என்று தள்ளுபடி டியூப்பையே பிதுக்கிவிட்டு வந்தான். சில மாதங்களில், பசை வைத்த புள்ளிகள் எல்லாம் முன்பக்கத்தில் கறுப்புத் திட்டுகளாகத் தெரிந்தன. ஒட்டிய கண்ணாடியை உடைக்காமல் கழற்ற வழியில்லை. எனவே புதுக் கண்ணாடி, சுவர்ப் பூச்சு, ஆள்கூலி அனைத்தும் டியூப்பில் மிச்சம் பிடித்த சில்லறையை விழுங்கிவிட்டன. டியூப்பின் முதுகில் அச்சிட்டிருக்கும் ஒரு வரியைப் படிக்க அரை நிமிடம் போதாதா என்ற எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

தேதி பாராமல் அள்ளுவது

கடைக்காரர் விலையைக் குறைப்பதற்குப் பெரும்பாலும் தேதியே காரணம். காலாவதியான சிலிகான் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும், இறுகாது. வெயிலில் காய்ந்த கிடங்கிலிருந்து வந்ததென்றால், தேதி மிச்சமிருந்தாலும் நம்ப முடியாது. விலையை ஒப்பிடும்போது டியூப்பின் உருவத்தைப் பார்க்காமல் மில்லி லிட்டர் கணக்கைப் பாருங்கள்.

பழைய சிலிகான் மேல் புதியது

ஒட்டாது. சுரண்டி எடுங்கள்.

நீல மணிகளைச் சமையலறையில் வைப்பது

ஈரம் உறிஞ்சும் பொட்டலத்து மணிகள் உலர்ந்தால் நீலம், ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பு என்று நிறம் மாறுவது கோபால்ட் குளோரைடினால். அதைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதாக ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியுள்ளது. உணவு, மருந்துப் பெட்டிகளுக்கு நிறமில்லாத மணிகளே நல்லவை. கடையிலேயே இளஞ்சிவப்பாகக் கிடக்கும் பொட்டலம் ஏற்கெனவே குடித்து முடித்தது. அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

மிதியடியை உப்புத்தாளால் தேய்ப்பது

உறிஞ்சும் திறன் குறைந்தால் தேய்க்கச் சொல்வார்கள். தயாரித்தவர் பெயரே இல்லாத மிதியடியைத் தேய்க்க வேண்டாம். ஜப்பானில் நிட்டோரி நிறுவனம் விற்ற டயட்டமைட் பொருள்கள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் (நுரையீரலைக் கெடுக்கும் நார்க் கனிமம்) இருந்தது தெரிந்து, 2020 டிசம்பரில் அவற்றைத் திரும்பப் பெற்றது. முழுதாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. தேய்த்துத் தூளாக்கும்போதுதான் அது மூச்சுக்குள் போகிறது.

சிலிகான் மேல் பெயிண்ட்

பிடிக்காது. வண்ணம் அடிக்க வேண்டிய இடுக்குக்கு அக்ரிலிக் வகையை வாங்குங்கள்.