மொரிஸ் மைனர் பிக்கப்: புதுப் பாகம் மாட்டுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் பழைய மொரிஸ் மைனர் பிக்கப் ஒன்று கொட்டிலில் கிடந்தால், அதைத் திரும்ப ஓட வைக்க யாராவது ஆசைப்படுவார். நல்ல ஆசைதான். இங்கிலாந்தில் 1953இல் வந்து 1971இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி என்றாலும், பம்பரிலிருந்து பிரேக் சிலிண்டர் வரை பழைய மாதிரியிலேயே இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பெட்டியில் புதிதாக வந்தது எதுவும் பழையதைவிட நல்லது என்று நம்பி, கழற்றியதை உடனே பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதுதான் முதல் தவறு. புதியது ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓடிக் காட்டும் வரை பழைய பாகங்களைப் பெயர் எழுதிப் பத்திரமாக வையுங்கள். அளவு பார்க்க அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

அடுத்தது, கிரில்லுக்கும் பேட்ஜுக்கும் காசைக் கொட்டிவிட்டு முன் சக்கரத்தை மறப்பது. இந்த வண்டியில் முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் அடிமுனை, ட்ரனியன் என்னும் மரை போட்ட பிடிப்புத் துண்டு ஒன்றுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் உரசும், பாரமும் அதில்தான். கிரீஸ் வற்றி மரை தேய்ந்தால், ஒருநாள் கிங்பின் கழன்று சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும். றம்பொடை வளைவுகளில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். புது ட்ரனியன் வாங்கும்போது இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர் என்பது நினைவிருக்கட்டும். கிரீஸ் அடிப்பதும் சக்கரம் தூக்கிய நிலையில்தான். அப்போதுதான் பாரம் தாங்கும் பக்கத்துக்குக் கிரீஸ் போய்ச் சேரும்.

பிரேக்கிலும் இதே அவசரம். சக்கரத்தோடு சுழலும் ட்ரம் தேய்ந்து நீள்வட்டமாகியிருக்க, அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவைப் புதிதாகப் போட்டால் அங்கங்கேதான் தொடும். முதலில் லேத்தில் கொடுத்துச் சரிபாருங்கள். சிலிண்டருக்குள் பிரேக் ஆயில் தவிர வேறெந்த எண்ணெயும் போகக்கூடாது, ரப்பர் ஊதிவிடும்.

போல்ட் விஷயம் சின்னதாகத் தெரியும். இந்த வண்டியில் பெரும்பாலும் யூஎன்எஃப் என்னும் அங்குல அளவு மரை. 5/16 அங்குல போல்ட் 7.94 மில்லிமீட்டர், கடையில் சுலபமாகக் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட் பார்வைக்கு அதேதான். இரண்டு சுற்றுப் போகும், அப்புறம் இறுகும், பலம் கொடுத்துத் திருகினால் மரை போய்விடும். கையாலேயே கடைசிவரை போகாத போல்ட்டைக் கழற்றிவிடுங்கள்.

நுவரெலியா மூடுபனியில் என்ஜின் நின்றால் எல்லோரும் ஈரத்தைத்தான் குறை சொல்வார்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரையும் பாருங்கள். இப்போது செய்து வரும் மலிவு ரோட்டர்களில், பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட் வழியாகவே மின்பொறி நடுத்தண்டுக்குக் கசிந்துவிடுவது உண்டு. ரிவெட் இல்லாத ரகம் நம்பகமானது. ஒரிஜினல் வயரிங்கில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். அதைப் பார்க்காமல் புது எலக்ட்ரோனிக் இக்னிஷனோ ரேடியோவோ மாட்டினால் உடனே கருகும்.

பாடித் தகடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வண்டிக்கான தகடுகளை ஒருகாலத்தில் இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்பது நமக்குப் பெருமை. ஆனாலும் எந்தப் புதுத் தகடும் அப்படியே பொருந்தாது. பெயின்டுக்கு முன் கதவு, பொனட், மட்கார்டு எல்லாவற்றையும் மாட்டி இடைவெளி பாருங்கள். பிக்கப்புக்குத் தனிச் சேஸி, அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டம். காருக்கான பின்பக்கத் தகடுகள் இதற்கு உதவாது. நம் மழைக்கு, சேஸியின் உட்பக்கத் துருவை விட்டுவிட்டு மேலே புட்டி பூசுவது வீண் செலவு.

இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றுவிட்டது. வால்வு வந்து உட்காரும் சீட்டைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். சிலிண்டர் ஹெட்டை எப்படியும் கழற்றும்போது கடினப்படுத்திய வால்வு சீட் போட்டுவிடுங்கள். பாரத்தோடு ஏற்றம் ஏறும் வண்டிக்கு இது கட்டாயம்.

வெல்டிங் தொடங்குமுன், பதிவுப் புத்தகத்தில் உள்ள சேஸி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் படம் எடுத்து வையுங்கள். வேறு என்ஜின் ஏற்றியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதை முதலில் திருத்திக்கொள்ளுங்கள்.