மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லில் கவனம்

கோடை முடிந்து முதல் மழை பெய்ததும் மேய்ச்சல் நிலத்தில் இளம்புல் தளதளவென்று கிளம்பும். ஆடுகள் அதை அளவின்றி மேய்ந்தால் துள்ளுமாரி நோய் வரலாம். குடலில் ஏற்கெனவே இருக்கும் நுண்ணுயிரி திடீரென்று பெருகி நஞ்சைச் சுரக்கும். மந்தையில் நன்றாகக் கொழுத்த குட்டிதான் பெரும்பாலும் முதலில் துள்ளி விழுந்து சாகும். வைத்தியம் பார்க்கக்கூட நேரம் கிடைக்காது. ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுவிடுங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். காலையில் பட்டியைத் திறக்கும் முன் கடலைக்கொடி, சோளத்தட்டை என ஏதாவது உலர்தீவனம் கொடுங்கள். பனி உலர்ந்த பிறகு ஓட்டிச் சென்று, முதல் சில நாட்கள் சிறிது நேரம் மட்டுமே மேயவிடுங்கள். விருந்து வீட்டில் மிஞ்சிய சோற்றை ஆடுகளுக்கு அள்ளி வைப்பதும் ஆபத்துதான்.