பழைய லேப்டாப்: எஸ்எஸ்டி போடலாமா, விற்றுவிடலாமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதிலிருந்து, தெரிந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: “இந்த லேப்டாப்பை வெச்சுக்கலாமா, வித்துடலாமா?” எங்கள் வீட்டிலும் அப்படி இரண்டு லேப்டாப்கள் இருந்தன. ஒன்றுக்கு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்) போட்டு வைத்துக்கொண்டோம், மற்றொன்றை விற்றோம். பார்க்க இரண்டும் ஒரே வயதுதான். முடிவு வேறானதற்குக் காரணம், லேப்டாப்பின் மூளையான பிராசசர்.

முதலில் பிராசசர்

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் போனால் பெயர் இருக்கும். இன்டெல் ஐ5-8250யூ என்றால் 8-ஆம் தலைமுறை. ஐ3-6006யூ என்றால் 6-ஆம் தலைமுறை. பொதுவாக 8-லிருந்துதான் விண்டோஸ் 11-க்கு முறையான ஆதரவு உண்டு. வேகத்திலும் வித்தியாசம் பெரிது: ஐ5-7200யூவில் இரண்டு கோர்தான், அடுத்த தலைமுறையின் 8250யூவில் நான்கு. எட்டோ அதற்கு மேலோ என்றால் செலவு செய்வதைப் பற்றி யோசிக்கலாம். “விண்டோஸ் 11 ஓடாது” என்று காட்டினாலும் பதற வேண்டாம். பல லேப்டாப்களில் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரையில்) அணைந்திருக்கும், இயக்கினால் போதும்.

ஏழோ அதற்குக் கீழோ என்றால் காசு போடாதீர்கள் என்பது என் கருத்து. இந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 ஏற்றும் குறுக்குவழிகள் இருக்கின்றன. ஆனால் அப்படி ஏற்றிய கணினிகளுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வங்கி வேலை பார்க்கும் கணினியில் அது வேண்டாம். பிரவுசரும் தட்டச்சும் மட்டும் போதும் என்பவர்கள் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடலாம். அதில் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை நன்றாகவே வேலை செய்கிறது.

எது மெதுவாக்குகிறது?

லேப்டாப் திணறும் நேரத்திலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலும் சிபியு (அதாவது பிராசசர்) பத்துப் பதினைந்திலும் நின்றால் ஹார்ட் டிஸ்க்தான் காரணம், எஸ்எஸ்டி போட்டால் தீரும். மெமரி 90-ஐத் தொட்டபடியே இருந்தால் ரேம் போதவில்லை. சிபியு மட்டும் எப்போதும் 100 என்றால், ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் விற்கத்தான் வேண்டும், ஏனென்றால் இந்த வகை லேப்டாப்களில் பிராசசர் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும்.

டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளையும் ஒரு முறை ஓட்டுங்கள். மஞ்சளில் எச்சரிக்கை வந்தால் மற்ற வேலையை விட்டுவிட்டு முதலில் படங்களையும் ஆவணங்களையும் நகலெடுங்கள்.

ஸ்லாட்டைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்த இடம். சிறு அட்டை வடிவில் வரும் எம்.2 எஸ்எஸ்டிகளில், லேப்டாப்போடு இணையும் முறையைப் பொறுத்து, சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை. அகலமும் நீளமும் ஒன்றேதான். 2280 என்று போட்டிருப்பது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்ற அளவை மட்டும் சொல்லும், வகையைச் சொல்லாது. பழைய லேப்டாப்கள் சிலவற்றில் ஸ்லாட் சாட்டாவை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். அதில் என்விஎம்இ அட்டையைச் செருகினால் கச்சிதமாக உட்காரும், ஸ்க்ரூவும் மாட்டும், ஆனால் பயாஸில் பெயரே வராது. கடையில் “எல்லாத்துக்கும் சேரும் சார்” என்று சொல்லித்தான் எனக்கும் கொடுத்தார்கள். அட்டையில் கோளாறா, லேப்டாப்பில் கோளாறா என்று தேடிக் கடைசியில் சர்வீஸ் மேனுவலில்தான் விடை கிடைத்தது.

ஆகவே உங்கள் மாடல் எண்ணைப் போட்டு சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள். டெல், எச்பி, லெனோவோ மூன்றும் தங்கள் தளங்களில் இலவசமாக வெளியிடுகின்றன. ஸ்டோரேஜ் பகுதியில் எம்.2 ஸ்லாட்டுக்கு பிசிஐஇ அல்லது என்விஎம்இ என்று எழுதியிருந்தால் என்விஎம்இ அட்டையை வாங்கலாம். சாட்டா என்று மட்டும் இருந்தால் சாட்டாதான். மேனுவல் கிடைக்காவிட்டால் ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டியை மாட்டிவிடுங்கள். நொடிக்கு 550 எம்பி அளவில்தான் அதன் உச்ச வேகம், ஆனாலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருபவருக்கு அதுவே பெரிய மாற்றம்.

ரேமுக்கும் இதே கவனம் தேவை. டிடிஆர்3எல், டிடிஆர்4 என்ற ரேம் வகைகளில் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று பொருந்தாது. சில மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், கூடுதல் ஸ்லாட்டும் இருக்காது.

பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுக்க ரெஸ்கியூசில்லா என்ற மென்பொருளைத்தான் பரிந்துரைப்பேன். குளோன்சில்லா என்ற இன்னொரு நகலெடுப்பு மென்பொருள் செய்வதையே இதில் மவுஸால் செய்யலாம்.

கணக்கு

எஸ்எஸ்டி, ரேம், பேட்டரி, ஆடும் கீலைச் சரிசெய்வது எல்லாவற்றின் செலவையும் கூட்டுங்கள். 2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறியது, அதனால் பழைய விலையை நினைவில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பேட்டரி நிலையை அறிய, கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் ஓர் அறிக்கை வரும். ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி, டிசைன் கெப்பாசிட்டியில் பாதிக்கும் கீழே என்றால் புது பேட்டரி செலவையும் சேருங்கள். மொத்தம், ரீஃபர்பிஷ்டு (பழுதுபார்த்து விற்கும் பழைய) லெனோவோ திங்க்பேட் அல்லது டெல் லாட்டிட்யூட் லேப்டாப் ஒன்றின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் விற்றுவிடுவேன். விற்கப்போகும் லேப்டாப்பில் புது எஸ்எஸ்டி போடவே மாட்டேன், அந்தக் காசு திரும்ப வராது.

விற்பதற்கு முன்

சென்னையில் ரிச்சி தெருவில் நான்கைந்து கடைகளிலாவது விலை கேளுங்கள், முதல் கடையிலேயே கொடுத்துவிடாதீர்கள். டிஸ்க்கை நீங்களே கழற்றி வைத்துக்கொண்டு விற்றால் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும், ஆனால் மன நிம்மதி உண்டு. அதை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டுப் பயன்படுத்தலாம். டிஸ்க்கோடு கொடுப்பதென்றால் ரீசெட்டில் ரிமூவ் எவ்ரிதிங்கைத் தேர்ந்து, கூடுதல் அமைப்புகளில் க்ளீன் டேட்டாவையும் இயக்குங்கள். 1 டிபி ஹார்ட் டிஸ்க் என்றால் பல மணி நேரம் ஆகும், இரவில் சார்ஜரோடு விட்டுவிடுங்கள்.

பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். மின்கழிவு வாங்கும் பதிவுபெற்ற நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒருவர் டாலி என்ற கணக்கு மென்பொருளைப் பற்றிக் கேட்டிருந்தார். அழிப்பதற்கு முன் டாலிக்குள் போய் லைசென்ஸை சரண்டர் செய்துவிடுங்கள், பிறகு புதுக் கணினியில் ஆக்டிவேட் செய்யலாம். கம்பெனி டேட்டா ஃபோல்டரைத் தனியாக நகலெடுக்க வேண்டும், லைசென்ஸோடு அது வராது. இன்னொருவருக்கு டிஸ்க் மாற்றியதும் திரை நீலமாகி பிட்லாக்கரின் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீ கேட்டது. அந்த 48 இலக்க எண் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்பே போனில் அந்தக் கணக்கில் நுழைந்து எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.