சம்பந்தி வீட்டு டெம்பிளுக்குப் போகிறவர்களுக்கு

"அம்மா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் டெம்பிளுக்குப் போகிறோம், நீயும் வா" என்றாள் மகள். நியூஜெர்சியில் நம் கோயில்கள் இருப்பது எனக்குத் தெரியும். தலைக்குக் குளித்து, அரக்குப் பட்டு கட்டி, இந்தியக் கடையில் வாங்கி வைத்திருந்த தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, கற்பூரத்தைத் தட்டில் அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டேன். வாசலில் பையைச் சோதித்த காவலர் தேங்காயைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். மருமகன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

மருமகன் யூதர். அமெரிக்காவில் சீர்திருத்தப் பிரிவு யூதர்கள் பலர் தங்கள் ஜெபக்கூடத்தை, அதாவது சினகாகை, டெம்பிள் என்றுதான் சொல்வார்கள். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அன்றைய கூட்டம் முடிந்ததும் அந்தத் தேங்காயை என்ன செய்வது என்று ரபி கேட்டார். ரபி என்றால் அவர்களுடைய குரு. அந்தச் சபையில் அவர் ஒரு பெண்மணி. உடைத்து எல்லோருக்கும் கொடுப்போம் என்றேன். பின்வாசல் சிமென்ட் படியில் நான் உடைக்க, பிள்ளைகள் சில்லுக்குச் சண்டை போட்டார்கள். அந்தச் சபையில் எனக்கு முதலில் நட்பானவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

காவேரிப்பட்டணத்தில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். எதிர்வீட்டு அக்காவின் மகனுக்கு அலுவலக நண்பர் ஒருவர் அவர்கள் பண்டிகைக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறார். அக்காவும் அந்த மாதம் அங்கேதான் இருப்பார். "டீச்சர், நீங்கள்தான் இதெல்லாம் பார்த்தவர், எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்றார். முப்பது ஆண்டு தமிழ் நடத்தியவளிடம் எழுதிக் கொடு என்று சொன்னால் சும்மா இருப்பேனா?

எந்தச் சபை என்று கேளுங்கள்

யூதர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. அழைத்தவர்கள் வைதிகக் குடும்பமா, முற்போக்குச் சபையைச் சேர்ந்தவர்களா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நான் எழுதுவது இரண்டாவது வகையைப் பற்றி. அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்தே உட்காருவார்கள். வழிபாட்டில் கிட்டார் வாசிப்பார்கள். ஓய்வுநாளில், அதாவது வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை, கார் ஓட்டுவார்கள். வேற்று மதத்தில் மணம் முடித்த குடும்பங்களும் உறுப்பினராக இருக்கும். இந்தச் சீர்திருத்தம் ஜெர்மனியில் பிறந்தது. ஹாம்பர்க்கில் 1818 இல் இப்படி ஒரு டெம்பிள் திறந்தார்கள். அமெரிக்காவில் 1972 இல் சாலி பிரிசாண்ட் முதல் பெண் ரபியானார். வைதிக வீடு என்றால் கணக்கே வேறு: ஓய்வுநாளில் அழைப்பு மணியைக்கூட அழுத்தக் கூடாது, நாம் சமைத்துக் கொண்டுபோவதை ஏற்க மாட்டார்கள்.

நம் நாட்டிலும் உண்டு. டாக்டர் ஜெருஷா ஜிராத் என்ற பெண் மருத்துவர் லண்டனில் படித்தபோது அங்கே நடந்த சீர்திருத்த இயக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து, 1925 இல் மும்பையில் இப்படி ஒரு சபை உருவாகக் காரணமாக இருந்தார். அது கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்களின் சபை. அவர்கள் முன்னோர் எண்ணெய்ச் செக்கு ஓட்டியவர்கள். சனிக்கிழமை மட்டும் செக்கைத் தொட மாட்டார்கள் என்பதால் ஊரார் 'சனிக்கிழமை எண்ணெய்க்காரர்' என்றே அழைத்தார்களாம். நன்றி சொல்லும் சடங்குகளில் அவலை நனைத்து, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் ஏலமும் கலந்து, பழங்களோடு தட்டில் வைப்பார்கள். அதற்கு மலீதா என்று பெயர். நியூஜெர்சி சம்பந்தியம்மாவுக்கு இது தெரியாது. சொன்னதும் அடுத்த வாரமே அவல் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

வாசல் முதல் இருக்கை வரை

வருகிறோம் என்று முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடுங்கள். நம் ஊரில் பத்திரிகை வைத்தால் போதும், வீட்டோடு கிளம்பிவிடுவோம். அங்கே நாற்காலியை எண்ணிப் போடுகிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க்கில் ஒரு சினகாகுக்குள் புகுந்த ஒருவன் 11 பேரைச் சுட்டுக் கொன்றான். பூட்டிய கதவும் காவலரும் பைச் சோதனையும் உங்களை அவமதிக்க அல்ல. பெயர் பட்டியலில் இருந்தால் நிமிடத்தில் உள்ளே போய்விடலாம்.

சேலை, வேட்டி எதுவும் சரிதான். செருப்பைக் கழற்ற வேண்டாம். நான் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றேன், பாவம், ஒருவர் ஓடிவந்து ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். வாசலில் ஒரு பெட்டியில் சின்ன வட்டக் குல்லாய்கள் இருக்கும். ஆண்கள் எடுத்து உச்சியில் வைத்துக்கொள்ளலாம். இந்தச் சபைகளில் பெண்களும் சிலர் வைத்துக்கொள்கிறார்கள், கட்டாயம் இல்லை. குஞ்சம் தொங்கும் சால்வை மட்டும் அவர்களுக்குரியது, அதை எடுக்காதீர்கள். கைபேசியை அணைத்துவிடுங்கள். உண்டியல் தேடாதீர்கள். ஓய்வுநாளில் தட்டில் காசு போடும் பழக்கம் அவர்களிடம் இல்லை. உறுப்பினர்கள் ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள்.

பிரார்த்தனைப் புத்தகம் வலப்பக்கத்திலிருந்து திறக்கும். எபிரேய மொழிப் பிரார்த்தனையை ஆங்கில எழுத்திலும் அச்சிட்டிருப்பார்கள். எல்லோரும் எழுந்தால் எழுங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள். தோராச் சுருளை, அதாவது தோலில் எழுதிய அவர்கள் வேதத்தை, நடுவழியில் சுமந்து வரும்போது நம் உற்சவர் வருகிற மாதிரி எல்லோரும் அந்தப் பக்கமே திரும்பி நிற்பார்கள். தொட்டுக் கும்பிடக் கை நீளும், நீட்டாதீர்கள். அந்தத் தோலில் விரல் படக் கூடாது என்பதற்காக வாசிப்பவரே வெள்ளிக் குச்சியால்தான் வரியைச் சுட்டுகிறார்.

கடைசியில் அந்த வாரத்தில் திதி வரும் இறந்தவர்களின் பெயர்களை ரபி வாசிப்பார். பிறகு காதிஷ் என்ற மந்திரம். அதில் சாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையாம், முழுக்கக் கடவுள் துதி. என் தாயாரின் திதியும் அதே மாதம்தான். பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மாவிடம் மெல்லச் சொன்னேன். மறுவாரம் பெயர்ப் பட்டியலில் அம்மாவின் பெயரும் வந்தது. திம்மாபுரத்தைத் தாண்டிப் போகாதவளின் பெயரை ரபி இரண்டு முறை ஒத்திகை பார்த்துச் சரியாக உச்சரித்தார்.

சனிக்கிழமை காலையில் தோரா வகுப்பு இருந்தால் விடாதீர்கள். ஒரே ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு இருபது பேர் ஒன்றரை மணி நேரம் வாதாடுகிறார்கள், ரபியையே மறுக்கிறார்கள். ராஷி என்ற பதினோராம் நூற்றாண்டு உரையாசிரியர் ஒருவர் இருக்கிறார். பரிமேலழகர் உரையோடு சண்டை பிடித்தே வளர்ந்த எனக்கு அது பிறந்த வீடு மாதிரி இருந்தது.

என்ன செய்து கொண்டுபோவது

இதில்தான் நம்மவர்கள் வழுக்குவார்கள். வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவரும் பொது விருந்து அங்கே அடிக்கடி நடக்கும். பன்றி இறைச்சி, இறால், நண்டு எதுவும் கூடாது. இறைச்சியோடு பாலோ தயிரோ வெண்ணெயோ சேரக் கூடாது. அதனால் பெரும்பாலான சபைகள் பொது விருந்தில் இறைச்சியே வேண்டாம் என்று வைத்திருக்கின்றன. நம் சைவச் சமையல் இந்தச் சட்டத்துக்குள் அப்படியே அடங்கிவிடுகிறது. எலுமிச்சை சாதம், சுண்டல், தேங்காய் சாதம் மூன்றும் பாத்திரம் காலியாகித் திரும்பின. புளிசாதமும் நம் ஊர்ப் புளியில் செய்தேன். காரம் பாதியாகக் குறைத்தும் ஒரு பெரியவர் கண்ணீரோடு மூன்றாம் முறை வாங்கினார். பாத்திரத்தின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: நெய் உண்டா, முந்திரி உண்டா, வேர்க்கடலை உண்டா. வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைகள் அங்கே நிறைய.

பெசாக் பண்டிகை வாரத்தில் மட்டும் கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ் போன்ற ஐந்து தானியங்களில் செய்த, புளிக்க வாய்ப்புள்ள எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது. நான் ரவா லட்டு நாற்பது உருண்டை பிடித்துக்கொண்டு போனேன். டப்பா எட்டு நாளும் காரின் பின்பெட்டியில் கிடந்தது. அரிசியும் பருப்பும் அந்த ஐந்தில் இல்லை. ஆனாலும் ஐரோப்பாவிலிருந்து வந்த சில குடும்பங்கள் அவற்றையும் அந்த வாரம் தவிர்க்கின்றன. கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் எழுந்து நாற்காலி மடக்குங்கள், சமையலறையில் பாத்திரம் துடையுங்கள். விருந்தாளி என்று மூலையில் உட்கார்ந்தால் நான்கு வாரம் கழித்தும் விருந்தாளியாகவே இருப்பீர்கள். நம் மாரியம்மன் பண்டிகையில் கூழ் ஊற்றுகிற பெண்களோடு கரண்டி பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வரப்போகும் நாள்கள்

அவர்களுக்கு நாள் என்பது சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது. ஆகவே தேதியைக் கேட்கும்போது 'முந்தைய மாலையா, அன்றைக்கா' என்று கேளுங்கள். மாதம் பிறையைப் பார்த்து ஓடுவதால் நம் பௌர்ணமி, அமாவாசையோடு பொருந்தும்.

2026 இல் புத்தாண்டு செப்டம்பர் 11 வெள்ளிக்கிழமை மாலை, நம் விநாயகர் சதுர்த்திக்கு மூன்று நாள் முன்பு. அவர்கள் கணக்கில் 5787 பிறக்கிறது. ஆப்பிளைத் தேனில் தொட்டுத் தருவார்கள், ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதுவார்கள். செப்டம்பர் 20 மாலை தொடங்கும் யோம் கிப்பூர் 25 மணி நேர உபவாசம், தண்ணீரும் இல்லை. விருந்தாளி பட்டினி கிடக்க வேண்டாம், அவர்கள் முன்னால் மெல்லாதிருந்தால் போதும். டிசம்பர் 4 மாலை முதல் எட்டு இரவுகள் ஹனுக்கா, தினம் ஒரு விளக்கு கூடும், எண்ணெயில் பொரித்தது எல்லாம் கிடைக்கும்.

எதிர்வீட்டு அக்கா போகிற சுக்கோத் செப்டம்பர் 25 மாலை தொடங்குகிறது. ஏழு நாள் பந்தலில் சாப்பாடு. கூரையில் தழைதான் போட வேண்டும், அதன் இடுக்கில் வானம் தெரிய வேண்டும். நம் மாந்தோப்புக் காவல் குடிசையை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பழங்களையும் காகிதச் சங்கிலியையும் கட்டித் தொங்கவிடுவார்கள். அக்காவிடம் மாவிலைத் தோரணம் கட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே மாவிலைக்கு எங்கே போவது என்று கேட்கிறார். அது அவர் பாடு. ஸ்வெட்டர் மட்டும் மறக்க வேண்டாம். கூரை ஒழுகுகிற வீட்டில் இரவுச் சாப்பாடு.

பெசாக் 2027 இல் ஏப்ரல் 21 மாலை, சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தப்பிய கதையைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாசிப்பார்கள். மிகச் சிறிய பிள்ளை நான்கு கேள்விகள் பாட வேண்டும். கண்ணீருக்கு உப்புநீர், கசப்புக்குக் கசப்புக் கீரை, நான்கு கிண்ணம் திராட்சை ரசம். மதுவேண்டாதவர்களுக்குச் சாறு உண்டு. சோறு வர இரண்டு மணி நேரம் ஆகும். சாயங்காலம் நான்கு மணிக்கே ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

மொய்யும் துக்கமும்

பதின்மூன்று வயதில் பையனோ பெண்ணோ முதன்முதலாகச் சபை முன் தோரா வாசிப்பது பெரிய விழா. நம் 51, 101 அங்கே செல்லாது. 18 இன் மடங்குதான் மொய்: 18, 36, 54. எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு; உயிர் என்ற சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 18.

துக்க வீட்டுக்குப் பூ, மாலை வாங்காதீர்கள். சாப்பாடு கொண்டுபோங்கள். ஏழு நாள் துக்கம் காப்பார்கள். போய் உட்காருங்கள், அவர்கள் பேசத் தொடங்கும்வரை நீங்கள் பேச வேண்டாம்.

அவர்கள் நம் வீட்டுக்கு வந்தால்

சம்பந்தியம்மா பொங்கலுக்குக் காவேரிப்பட்டணம் வந்தார். என்ன சாப்பிடுவீர்கள் என்று மகளை விட்டுக் கேட்டேன். ஆட்டுக்கறி சாப்பிடுவேன், பாலோடு மட்டும் வேண்டாம் என்றார். (எல்லோரும் இப்படி இல்லை, தங்கள் முறைப்படி அறுத்த கறியை மட்டும் உண்பவர்களும் உண்டு.) பிரியாணிக்குத் தயிர் சேர்க்காமல் தேங்காய்ப்பால் ஊற்றினேன். தேங்காய்ப்பால் அவர்கள் கணக்கில் பால் அல்ல, நெய் பால். பச்சடிக்குப் பதில் வெங்காயத்தில் எலுமிச்சை பிழிந்தேன். கிருஷ்ணகிரி அணை மீனில் ரோகு, கெண்டை சரி. செதில் இல்லாத கெளுத்தி கூடாது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஓய்வுநாளை வரவேற்க இரண்டு ரொட்டி, இரண்டு மெழுகுவத்தி, திராட்சை ரசம் வேண்டும். பின்னல் போட்ட ஹல்லா ரொட்டிக்கு எங்கே போவது? பேக்கரியில் இரண்டு பன் வாங்கி, புதுத் துண்டால் மூடி வைத்தேன். கறுப்புத் திராட்சையைப் பிசைந்து வடிகட்டினேன். சூரியன் இறங்குவதற்கு முன் ஏற்றிவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் நாள்காட்டியில் அஸ்தமனம் பார்த்துக் கொடுத்தார். என் குத்துவிளக்குப் பக்கத்திலேயே சம்பந்தியம்மா ஏற்றினார். சுடரை இரண்டு கையாலும் மூன்று முறை தன் பக்கமாக வாரி, கண்ணைப் பொத்திக்கொண்டார். கற்பூரம் ஒற்றிக்கொள்வதைத்தான் செய்கிறார் என்று என் மாமியார் கூடத்திலிருந்து உரக்கச் சொன்னார். பிறகு மகன் தலையிலும் என் மகள் தலையிலும் கை வைத்து ஏதோ முணுமுணுத்தார். மகள் குனிந்தே நின்றாள்.

ஒரு தவறு நடந்தது, நீங்கள் செய்யாதீர்கள். ஏற்றிய மெழுகுவத்தியை ஊதி அணைக்கக் கூடாது, தானாக எரிந்து தீர வேண்டும். சுடர் ஆடுகிறதென்று மின்விசிறியை நிறுத்தினோம். நான் வாங்கியிருந்தது தேவாலயத்துக்கு வாங்கும் பெரிய மெழுகுவத்தி. பிரியாணி முடிந்து, வெற்றிலை முடிந்து, ஒன்பதரை மணிக்கும் அது பாதிதான் எரிந்திருந்தது. வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு, இன்னும் எவ்வளவு நேரம் என்று மருமகனிடம் சாடையில் கேட்டுக்கொண்டிருந்தார். கடையில் சின்ன மெழுகுவத்தியாகக் கேட்டு வாங்குங்கள்.