லிங்க்ட்இன் ப்ரொஃபைல்: தேடலில் ஏன் சிக்கமாட்டேன் என்கிறது?

லிங்க்ட்இன்னில் ஆள் தேடுகிற ரெக்ரூட்டர் உங்கள் பக்கத்துக்கு நேராக வருவதில்லை. பதவிப் பெயர், திறன்கள், ஊர், அனுபவ ஆண்டுகள் என்று நாலைந்து ஃபில்டர் போட்டுத் தேடுகிறார். வருகிற பட்டியலில் படம், பெயர், ஹெட்லைன் (பெயருக்குக் கீழே வரும் அறிமுக வரி), ஊர், இப்போதைய வேலை, இவ்வளவுதான் முதலில் கண்ணில் படும். அது பொருந்தினால்தான் உள்ளே வருவார். ஆகவே தவறுகளும் இரண்டு வகை: தேடலில் சிக்காமல் செய்பவை, சிக்கிய பிறகு வந்தவரைத் திருப்பி அனுப்புபவை. பலர் இரண்டாவதை மட்டுமே கவனிக்கிறார்கள். படத்தை மூன்று தடவை மாற்றியிருப்பார்கள். ஊர் மட்டும் கல்லூரிக் காலத்து ஊராகவே கிடக்கும்.

அந்த ஊரிலிருந்தே தொடங்கலாம். வேலை தேடுவது ஒரு நகரத்தில், ப்ரொஃபைலில் இருப்பது வேறு நகரம் என்றால், ஊர் ஃபில்டர் போட்ட அந்த நொடியே நீங்கள் பட்டியலில் இல்லை. மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. இடம் மாறத் தயார் என்பவர்கள், வேலை தேடுவதைத் தெரிவிக்கும் ஓப்பன் டு வொர்க் அமைப்பில் விரும்பும் ஊர்களைத் தனியாகச் சேர்க்க வேண்டும். உங்களைப் பற்றி நீங்களே எழுதும் அபவுட் பகுதியில் 'எங்கும் வரத் தயார்' என்று எழுதுவதை ஃபில்டர் கண்டுகொள்ளாது.

ஹெட்லைனில் நடக்கும் வீண்

ஹெட்லைனுக்கு 220 எழுத்துக்குறிகள் வரை இடம் உண்டு. நீங்கள் எதுவும் எழுதாவிட்டால், பதவியும் நிறுவனப் பெயரும் அங்கே தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் பதவிப் பெயர் என்றால் தொல்லைதான். 'அசோசியேட் லெவல் 2' என்று யாரும் தேடுவதில்லை. 'கனவுகளைத் துரத்துபவன்', 'கற்றலில் ஆர்வம் கொண்டவள்' போன்றவையும் அப்படித்தான். 'வேலை தேடுகிறேன்' என்பது இன்னும் மோசம்: என்ன வேலை என்று சொல்லாமலே இடத்தை அடைத்துக்கொள்கிறது.

ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டரை எடுத்துக்கொள்வோம். அவருடைய ஹெட்லைன் 'அசோசியேட் லெவல் 2, இன்னார் நிறுவனம்'. இதை இப்படி மாற்றலாம்: 'ஆட்டோமேஷன் டெஸ்ட் இன்ஜினியர் | செலினியம், ஜாவா, ஏபிஐ டெஸ்டிங் | 4 ஆண்டு, பேங்கிங் அப்ளிகேஷன்கள்'. பதவி முதலில் வருகிறது, ஏனென்றால் பட்டியலிலும் மொபைலிலும் நீளமான ஹெட்லைன் பாதியில் வெட்டுப்படும். சுருக்கமாகவும் விரிவாகவும் வழங்கும் சொற்களை இரண்டு வடிவத்திலும் ப்ரொஃபைலில் எங்காவது வையுங்கள். ஒருவர் 'க்யூஏ' என்று தேடுவார், இன்னொருவர் 'குவாலிட்டி அஷ்யூரன்ஸ்' என்று தேடுவார்.

இதற்காகப் பதவியையே உயர்த்திப் போட்டுக்கொள்ளக் கூடாது. அனுபவப் பகுதியில் அலுவலகம் கொடுத்த பெயரை அப்படியே வைத்து, பக்கத்தில் சாய்கோடு போட்டு வழக்கமான பெயரை எழுதினால் போதும். 'லீட்' என்று நீங்களாகச் சேர்த்துக்கொண்டது பின்னணிச் சரிபார்ப்பில் வெளியே வரும்.

ஸ்கில்ஸ் பகுதியை ஏனோதானோவென்று நிரப்புவதும் இதே வகை. 100 திறன்கள் வரை போட முடியும் என்பதற்காக 'லீடர்ஷிப்', 'டைம் மேனேஜ்மென்ட்', 'எம்எஸ் வேர்ட்' என்று அடுக்குகிறார்கள். சரியான வழி கொஞ்சம் சலிப்பானது, ஆனால் ஒரு மணி நேரத்தில் முடியும். உங்களுக்குப் பொருந்தும் 10 வேலை விளம்பரங்களைத் திறங்கள். அவை கேட்கும் திறன்களை ஒரு தாளில் எழுதி, எது எத்தனை தடவை வருகிறது என்று கோடு போடுங்கள். பாதிக்கு மேல் விளம்பரங்களில் வருவது எதுவோ, அதில் உங்களுக்கு உண்மையாகவே தெரிந்தது எதுவோ, அது பட்டியலின் மேலே போக வேண்டும். முக்கியமான 5 திறன்களை அபவுட் பகுதியின் கீழே காட்டவும் வசதி உண்டு. ஒவ்வொரு திறனையும் எந்த வேலையில் பயன்படுத்தினீர்கள் என்று அந்த வேலையோடு இணைத்துவிடுங்கள். வெறும் பட்டியலைவிட அது நம்பும்படி இருக்கும்.

திறந்தவர் ஏன் திரும்பிப் போகிறார்

பெரும்பாலும் அனுபவப் பகுதியில்தான். வேலையில் சேரும்போது கொடுத்த பொறுப்புப் பட்டியலை அப்படியே ஒட்டிவைத்திருப்பார்கள். கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவர் எழுதியது இது: 'சரக்கு வரவு, இருப்பு, அனுப்புதல் ஆகியவற்றுக்குப் பொறுப்பு.' அந்தப் பதவியில் இருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: '3,000 வகைப் பொருள்கள் உள்ள கிடங்கு, 12 பேர் கொண்ட குழு. வாராந்திரச் சுழற்சி முறை எண்ணிக்கையைத் தொடங்கியதில் இருப்பு வித்தியாசம் 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்குக் குறைந்தது.' அளவு என்ன, என்ன செய்தார், என்ன மாறியது என்ற மூன்றும் இரண்டு வரியில் வந்துவிட்டன. சதவீதம் கையில் இல்லை என்றால் கற்பனையாகப் போட வேண்டாம். எத்தனை பேர், எத்தனை ஆர்டர், எத்தனை நாள் என்பது யாருக்கும் தெரியும். வாடிக்கையாளர் பெயர், வெளியே சொல்லக் கூடாத விற்பனைத் தொகை போன்றவற்றை எழுதிவிடாதீர்கள். அடுத்த முதலாளி அதைத் திறமையாகப் பார்க்கமாட்டார், வாய் காக்காதவர் என்றுதான் பார்ப்பார்.

ஒவ்வொரு வேலைக்கும் நாலைந்து வரி போதும். பத்து வருடத்துக்கு முந்தைய வேலைக்கு ஒரு வரியே அதிகம். நிறுவனத்தின் பெயரைத் தட்டச்சு செய்யும்போது கீழே விரியும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் லோகோ வராமல் சாம்பல் நிறப் பெட்டிதான் தெரியும். மாதமும் வருடமும் ரெஸ்யூமேயோடு ஒத்துப்போக வேண்டும். நடுவில் இடைவெளி இருந்தால் தேதிகளை இழுத்து மறைக்கத் தேவையில்லை. 'கேரியர் பிரேக்' என்ற தனிப் பதிவே இருக்கிறது. காரணத்தையும் அதில் தேர்ந்தெடுக்கலாம்.

அபவுட் பகுதிக்கு 2,600 எழுத்துக்குறிகள் கிடைக்கும், ஆனால் முதல் இரண்டு மூன்று வரிகள் மட்டுமே தெரியும்; மிச்சம் 'சீ மோர்' தட்டினால்தான். அந்த வரிகளை 'நான் கடின உழைப்பாளி' என்பதில் செலவழித்தால் தட்டுவதற்குக் காரணமே இருக்காது. என்ன வேலை, எந்தத் துறையில், எத்தனை ஆண்டு, அடுத்து எதைத் தேடுகிறீர்கள்: இதை முதலில் சொல்லுங்கள். தன்னைப் பற்றியே 'இவர் சிறந்த நிர்வாகி' என்று படர்க்கையில் எழுதுவது மேடை அறிமுகம் மாதிரி ஒலிக்கும்.

படத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். குறைந்தது 400க்கு 400 பிக்சல், முகம் தெளிவாக, வெளிச்சம் முன்னாலிருந்து. கல்யாணக் குரூப் ஃபோட்டோவிலிருந்து வெட்டியதில் பக்கத்து ஆளின் தோள் தெரியும், அதைத் தவிருங்கள். பின்னணிப் படம் 1584க்கு 396. அதன் இடது கீழ்ப் பகுதியை உங்கள் படம் மறைக்கும் என்பதால் எழுத்துகளை வலது பக்கம் வையுங்கள்.

வேலையில் இருந்துகொண்டே தேடுகிறவர்களுக்கு

ஓப்பன் டு வொர்க்கில் இரண்டு தேர்வுகள். எல்லோருக்கும் தெரியும்படி வைத்தால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் என்று வைத்தால் வளையம் இருக்காது. இரண்டாவதில் உங்கள் நிறுவனத்து ரெக்ரூட்டர்களுக்குக் காட்டாமலிருக்க லிங்க்ட்இன் முயல்கிறது. ஆனால் முழு ரகசியத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. வேலை இல்லாதவர் பச்சை வளையம் போட்டுக்கொள்வதில் எந்தக் கூச்சமும் வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். வேலையில் இருப்பவருக்கு அது வேண்டாத வம்பு.

ஒரே வாரத்தில் ப்ரொஃபைலைத் தலைகீழாக மாற்றும்போது, மாற்றங்களை நெட்வொர்க்குக்குத் தெரிவிக்கும் வசதியை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். முடித்ததும் லாகின் செய்யாத ஒரு பிரவுசரில் உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பொதுப் பார்வை அமைப்பு மூடியிருந்தால் வெளியாட்களுக்கு வெறும் பெயர்கூடத் தெரியாமல் போகலாம். பக்கத்தின் முகவரியில் பெயருக்குப் பின்னால் எண்ணும் எழுத்துமாகத் தொங்கும் வாலையும் அப்போதே நீக்கிவிடலாம், ரெஸ்யூமேயில் போட வசதி.

இன்னொன்று. கணக்கின் முதன்மை மின்னஞ்சலாக அலுவலக முகவரியை வைத்திருப்பவர்கள் ஏராளம். வேலையை விட்ட அன்று அந்த முகவரி மூடப்படும். ரெக்ரூட்டர் செய்தி அனுப்பியிருக்கிறார் என்ற அறிவிப்பும், பாஸ்வேர்டை மீட்கும் மெயிலும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் சொந்த முகவரியைச் சேர்த்து, உறுதிசெய்து, அதையே முதன்மையாக்குங்கள். அலுவலக மெயில் இன்னும் திறக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.